வயர் வாங்கும் முன் ஸ்பீக்கரை நகர்த்துங்கள்: வீட்டு ஒலியை உண்மையில் மாற்றுபவை எவை?

ஸ்பீக்கருக்கு அடியில் வைக்கும் பித்தளைக் கூம்பு, மீட்டருக்கு ஆயிரக்கணக்கில் விலை சொல்லும் வயர், கரண்டைச் சுத்தம் செய்வதாகச் சொல்லும் பெட்டி, தங்கமுலாம் பூசிய ப்ளக் என்று ஆடியோ துணைப் பொருட்களுக்குக் குறைவே இல்லை. எல்லாவற்றின் அட்டையிலும் ஒலித்தரம் கூடும் என்றுதான் எழுதியிருக்கிறது. எது கூட்டும், எது கூட்டாது என்று பிரிக்க ஒரு கேள்வி போதும்: நீங்கள் உட்காரும் இடத்தில் காதுக்கு வந்து சேரும் ஒலியில் இந்தப் பொருள் எதை மாற்றுகிறது?

மாறக்கூடியவை நான்குதான். எந்த அதிர்வெண் எவ்வளவு சத்தமாக வருகிறது. பின்னணி இரைச்சல் எவ்வளவு. ஒலி எவ்வளவு சிதைகிறது. அறைக்குள் எவ்வளவு நேரம் எதிரொலித்து நிற்கிறது. இந்த நான்கில் ஒன்றையாவது காதுக்குத் தெரியும் அளவில் மாற்றாத பொருளுக்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை. அந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் பெரிய மாற்றங்களில் பாதி இலவசமாகவே கிடைக்கின்றன. அவற்றை முடித்துவிட்டுக் கடைக்குப் போவதே முறை.

கணக்குக்கு நம் ஊரில் அடிக்கடி பார்க்கும் ஓர் அறையை எடுத்துக்கொள்வோம்: 12 அடி நீளம், 10 அடி அகலம், 10 அடி உயரம். செங்கல் சுவர், கான்கிரீட் கூரை, டைல்ஸ் தரை. அதில் இரண்டு ஸ்பீக்கர், ஓர் ஆம்ப் (ஒலியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையர்).

முதலில் பழுதைத் தேடுங்கள்

புதுப் பொருள் போட்டதும் ஒலி மாறியது என்று சொல்பவர்களில் பலருக்கு உண்மையிலேயே மாறியிருக்கும். பழைய வயரைக் கழற்றி மாட்டும்போது துருப்பிடித்த முனையோ தலைகீழ் இணைப்போ சரியாகியிருக்கும். பெயர் புதுப் பொருளுக்குப் போய்விடும். ஆகவே இருப்பதை ஒருமுறை ஒழுங்காகச் சோதிப்பது முதல் வேலை.

ஆம்பின் சிவப்பு முனை ஸ்பீக்கரின் சிவப்பு முனைக்கும், கறுப்பு கறுப்புக்கும் போயிருக்கிறதா பாருங்கள். ஒரு ஸ்பீக்கரில் மட்டும் மாறியிருந்தால், ஒரு வூஃபர் (தாழ்ந்த ஒலி தரும் பெரிய வட்டு) வெளியே தள்ளும்போது மற்றது உள்ளே இழுக்கும். பேஸ் என்னும் தாழ்ந்த ஒலிகள் ஒன்றையொன்று தின்றுவிடும், பாடுபவரின் குரல் நடுவில் நிற்காமல் அறை முழுக்கச் சிதறும். ஒரே நிற வயரில் எது எதுவென்று தெரியவில்லை என்றால், ஆம்ப் பக்க முனைகளைக் கழற்றி, 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு நொடி தொட்டுப் பாருங்கள். சிவப்புக்குப் பாசிட்டிவ் போனால் வூஃபர் வெளியே வரவேண்டும். இது ஆம்ப் உள்ளடங்காத சாதாரண ஸ்பீக்கர்களுக்கு மட்டும். உள்ளே ஆம்ப் இருக்கும் ஸ்பீக்கரில் செய்யக்கூடாது.

அடுத்தது முனைகள். சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் உப்புக் காற்று செம்பைப் பச்சை பிடிக்க வைக்கும். வயர் முனையில் 2 செ.மீ. வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாக உரித்து முறுக்குங்கள். ஓர் இழைகூடப் பக்கத்து முனையைத் தொடக்கூடாது. தொட்டால் ஆம்ப் போய்விடும். கருவிகளை இணைக்கும் ஆர்.சி.ஏ. ப்ளக்குகளை (சிவப்பு, வெள்ளை ஆடியோ முனைகளை) ஐசோப்ரொபைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடையுங்கள். வால்யூம் குமிழ் கரகரத்தால் ஆம்பை அணைத்து, ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு, கான்டாக்ட் கிளீனரைக் கொஞ்சம் அடித்து, குமிழை இரு பக்கமும் இருபது தடவை முழுசாகத் திருப்புங்கள். துரு நீக்கும் எண்ணெய் ஸ்ப்ரே இதற்கு ஆகாது. அது பிசுக்கை விட்டுச் செல்லும், தூசு ஒட்டும். தங்கமுலாமின் பயனும் இங்கேதான். தங்கம் செம்பைவிடச் சற்றுக் குறைவாகவே மின்சாரம் கடத்தும், ஆனால் துருப்பிடிக்காது. கடலோர வீட்டுக்கு அது நியாயமான செலவு. அதைத் தாண்டி அதற்கு ‘இனிமை’ எதுவும் கிடையாது.

பிறகு அதிர்வுச் சத்தம். ஃபோனில் டோன் ஜெனரேட்டர் செயலியைப் போட்டு 20 ஹெர்ட்ஸிலிருந்து 200 ஹெர்ட்ஸ் வரை ஒரு நிமிடத்தில் மெதுவாக ஏற்றுங்கள். ஒலி மிதமாகவே இருக்கட்டும். ஏதோ ஒரு புள்ளியில் பீரோ கதவு நடுங்கும், இன்னொன்றில் ஷோகேஸ் கண்ணாடி, அடுத்ததில் ஜன்னல் கம்பி, பரணில் கவிழ்த்து வைத்த எவர்சில்வர் பாத்திரம், ஆணியில் தொங்கும் தினசரி காலண்டர். ஒவ்வொன்றையும் கையால் அழுத்திப் பாருங்கள். சத்தம் நின்றால் அதுதான். ஃபெல்ட் துண்டு, ரப்பர் பீடிங், இரட்டைப் பக்க ஃபோம் டேப் ஆகியவற்றால் முடிந்துவிடும். ஸ்பீக்கர் தரமே சரியில்லை என்று பலர் நினைத்துக்கொண்டிருப்பது இந்தச் சத்தத்தைத்தான்.

ஹம் என்னும் ரீங்காரம்

ஆம்பைப் போட்டதும் ‘ம்ம்ம்’ என்று கேட்டால் அது மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் அல்லது அதன் இரு மடங்கான 100 ஹெர்ட்ஸ். விலை உயர்ந்த பவர் கேபிள் இதைத் தீர்க்காது. பெரும்பாலும் காரணம் எர்த் வளையம்: ஆம்பும் டி.வி.யும் வெவ்வேறு வழிகளில் எர்த்துக்குப் போய், இடையில் இருக்கும் ஆடியோ வயரின் ஷீல்டு (உள்வயரைச் சுற்றியுள்ள உலோக உறை) வழியாகச் சிறு மின்னோட்டம் ஓடுகிறது.

கண்டுபிடிக்கும் முறை இது. ஆம்பின் எல்லா உள்ளீடுகளையும் கழற்றுங்கள். ஹம் நின்றுவிட்டதா? இனி ஒவ்வொன்றாக மாட்டுங்கள். எதை மாட்டியதும் வருகிறதோ அங்கே சிக்கல். டி.வி. என்றால், அதன் செட்டாப் பாக்ஸுக்கு வரும் கேபிள் அல்லது டிஷ் கோஆக்ஸ் வயரைக் கழற்றிப் பாருங்கள். நம் வீடுகளில் முதலில் சந்தேகிக்க வேண்டியது அதைத்தான். கேபிள் டி.வி. வயரில் கால்வனிக் ஐசொலேட்டர் (உலோகத் தொடர்பை அறுத்து, சிக்னலை மட்டும் விடும் சிறு இணைப்பான்) போட்டால் போதும். டிஷ் வயரில் மேலே சிக்னலை வாங்கும் எல்.என்.பி.க்கு மின்சாரம் போகவேண்டும் என்பதால் அது சரிப்படாது, அங்கே டி.வி.யின் ஆப்டிகல் வெளியீட்டிலிருந்து ஆம்புக்கு ஒளிக்கேபிள் இழுங்கள். அதில் உலோகத் தொடர்பே இல்லாததால் வளையம் அறுந்துவிடும். ஆர்.சி.ஏ. வழியில்தான் போயாகவேண்டும் என்றால் 1:1 ஆடியோ ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் அதே வேலையைச் செய்யும். எல்லாக் கருவிகளையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் மாட்டினாலே பல வீடுகளில் ஹம் பாதியாகும்.

எர்த் பின்னை வெட்டி ஹம்மை நிறுத்தலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஹம் நிற்கும், ஆம்புக்குள் ஒரு வயர் கழன்று பெட்டியைத் தொட்டால் உயிர் போகும். உள்ளீடு எதுவும் இல்லாமலேயே ஹம் வந்தால் கோளாறு ஆம்புக்குள் இருக்கிறது, அல்லது வீட்டு எர்த் சரியில்லை. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே எத்தனை வோல்ட் என்று எலெக்ட்ரீஷியனை அளக்கச் சொல்லுங்கள். ஓரிரு வோல்ட் சாதாரணம். பத்தைத் தாண்டினால் ஒலியை விடுங்கள், வீட்டின் பாதுகாப்புக்காகவே அதைச் சரிசெய்ய வேண்டும்.

ஃபேன் ரெகுலேட்டரைத் திருப்பும்போது மட்டும் ‘ஸ்ஸ்’ என்று கேட்டால், அது மின்னலையை வெட்டி வேகம் குறைக்கும் பழைய எலெக்ட்ரானிக் ரெகுலேட்டர். கபாசிட்டர் உள்ள ஸ்டெப் ரெகுலேட்டராக மாற்றினால் போய்விடும். கரண்ட் போய் இன்வெர்ட்டர் ஓடும்போது மட்டும் ஆம்ப் முரலுகிறதா? அந்த இன்வெர்ட்டர் சதுர அலை கொடுக்கிறது. சைன் அலை இன்வெர்ட்டரில் அந்த முரலல் வராது. ஃபேனின் காற்றுச் சத்தமும் இரைச்சல் கணக்கில் சேர்ந்ததுதான். கேட்கும் நேரத்தில் வேகத்தை 5-லிருந்து 2-க்கு இறக்குவது, வீணையின் மெல்லிய கமகங்களுக்கு எந்தப் பவர் பெட்டியையும்விட அதிகம் செய்யும்.

ஸ்பீக்கரை எங்கே வைப்பது

செலவில்லாத வேலைகளில் மிகப் பெரிய பலன் தருவது இது. பெரும்பாலான வீடுகளில் ஸ்பீக்கர் டி.வி. யூனிட்டின் தட்டுக்குள், சுவரை ஒட்டி, ஒன்றுக்கொன்று மூன்றடி தூரத்தில் இருக்கும். கேட்பவர் எதிர்ச் சுவரோடு ஒட்டிய சோபாவில் இருப்பார். இரண்டு இடமும் தவறு, காரணமும் கணக்கிலேயே கிடைக்கும்.

எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே அரை அலை நீளம் பொருந்தும் அதிர்வெண்ணில் அறையே ஒலிக்கத் தொடங்கும். 30 டிகிரி வெயிலில் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 349 மீட்டர். அதை நீளத்தின் இரு மடங்கால் வகுங்கள். நம் 12 அடிக்கு (3.66 மீட்டர்) 48 ஹெர்ட்ஸ். 10 அடிக்கு (3.05 மீட்டர்) 57 ஹெர்ட்ஸ். அகலமும் உயரமும் ஒன்றாக இருப்பதால் 57 ஹெர்ட்ஸில் இரண்டு ஒத்ததிர்வும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்கின்றன. பேஸ் கிட்டாரின் ‘ஏ’ கம்பி 55 ஹெர்ட்ஸ். அந்தச் சுரமும் அதற்கு அடுத்ததும் மட்டும் உப்பி, அறையே ‘டும்’ என்று நிற்பது அதனால்தான். ஜிப்சம் பலகைச் சுவர் கொஞ்சம் பேஸைத் தன்னுள் வாங்கிக் கரைக்கும். செங்கல்லும் கான்கிரீட்டும் அப்படியே திருப்பி அனுப்பும். நம் வீடுகளில் இந்தச் சிக்கல் தீவிரமாக இருப்பதற்கு அதுவே காரணம்.

இந்த உப்பல் சுவரோரத்தில் உச்சம். அறையின் சரிபாதியிலோ முதல் ஒத்ததிர்வு காணாமலே போகும். எனவே சுவரும் வேண்டாம், நட்டநடுவும் வேண்டாம். உங்கள் இருக்கையை, முதுகுக்குப் பின்னால் உள்ள சுவரிலிருந்து நீளத்தில் 38 சதவீதத்தில் தொடங்குங்கள். நம் அறையில் அது 139 செ.மீ. அங்கிருந்து முன்னும் பின்னும் 20 செ.மீ. நகர்ந்து கேட்டு முடிவு செய்யுங்கள்.

ஸ்பீக்கருக்கு வருவோம். பின்னால் இருக்கும் சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி, தூரம் கால் அலை நீளமாக இருக்கும் அதிர்வெண்ணை ரத்துசெய்யும். ஸ்பீக்கர் முகம் சுவரிலிருந்து 1 மீட்டர் தள்ளியிருந்தால் 87 ஹெர்ட்ஸில் பள்ளம், 60 செ.மீ. என்றால் 145; 30 செ.மீ. என்றால் 290. பள்ளத்தை ஒழிக்க முடியாது, இடம் மாற்றத்தான் முடியும். ஸ்பீக்கருக்குப் பின்னால் உள்ள சுவரின் தூரமும் பக்கச்சுவர் தூரமும் ஒன்றாக இருந்தால் இரண்டு பள்ளமும் ஒரே இடத்தில் சேர்ந்து ஆழமாகும். அதைத் தவிருங்கள்.

நம் அறைக்குத் தொடக்க அளவுகள்: 10 அடிச் சுவர்ப் பக்கம் ஸ்பீக்கர்கள், முகம் அந்தச் சுவரிலிருந்து 60 செ.மீ.; பக்கச் சுவர்களிலிருந்து தலா 70 செ.மீ.; இடைவெளி 165 செ.மீ. வரும். 139 செ.மீ. புள்ளியில் உட்கார்ந்தால் ஒவ்வொரு ஸ்பீக்கரும் 186 செ.மீ. தூரத்தில் இருக்கும், ஏறக்குறைய சமபக்க முக்கோணம். இரு பக்கத் தூரத்தையும் டேப் வைத்து அளந்து 1 செ.மீ.க்குள் சமப்படுத்துங்கள். ட்வீட்டர் (மேல் ஒலி தரும் சின்ன வட்டு) காது உயரத்தில், சோபாவில் உட்கார்ந்தால் சுமார் 90 முதல் 100 செ.மீ. ஸ்பீக்கரைக் காதுக்கு நேராகத் திருப்பி, குரல் மிகக் கூர்மையாகத் தெரிந்தால் கொஞ்சம் வெளிப்பக்கம் விலக்குங்கள்.

வரவேற்பறையில் இவ்வளவு இடம் கிடைக்காது என்பதும் தெரிந்ததே. டி.வி. யூனிட்டில்தான் வைத்தாக வேண்டும் என்றால் தட்டின் விளிம்பு வரை முன்னே இழுத்து, முகம் அரை அங்குலம் வெளியே நீளும்படி வையுங்கள். தட்டில் பட்டுத் திரும்பும் ஒலி குறையும். அடியில் 5 முதல் 10 மி.மீ. ரப்பர் பேடு. உள்ளே வெற்றிடம் உள்ள பிளைவுட் பெட்டி ஸ்பீக்கரோடு சேர்ந்து பாடாமல் இருக்க அது உதவும். ஸ்பீக்கருக்கான ‘ஐசொலேஷன்’ பொருட்களில் வேலை செய்யும் பகுதி இதுதான், இதற்கு ஹார்டுவேர் கடை ரப்பர் போதும். டைல்ஸ் தரையில் கூர்முனை ஸ்பைக் வைத்தால் டைல்ஸ்தான் கீறும்.

சப்வூஃபர் (பேஸுக்கென்றே உள்ள தனிப் பெட்டி) இருந்தால் அதைத் தூக்கி நீங்கள் உட்காரும் நாற்காலியிலேயே வைத்து, பேஸ் ஓடும் பாட்டைப் போட்டுவிட்டு, சுவரோரமாகக் குனிந்து நகர்ந்து கேளுங்கள். எங்கே பேஸ் சீராக, எந்தச் சுரமும் உப்பாமல் கேட்கிறதோ அங்கே சப்வூஃபரை வையுங்கள். கிராஸ்ஓவர் (எதற்குக் கீழே சப்வூஃபர் ஒலிக்க வேண்டும் என்ற அளவு) 80 ஹெர்ட்ஸில் தொடங்கட்டும். பிறகு 80 ஹெர்ட்ஸ் டோன் போட்டு ஃபேஸ் சுவிட்சை 0, 180 என மாற்றி, எதில் சத்தம் அதிகமோ அதில் விடுங்கள்.

அறையின் எதிரொலி

காலி அறையில் கை தட்டினால் ‘டிங்’ என்று நீளும் சத்தம்தான் பாட்டின் சொற்களைக் கலைக்கிறது. 1895-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் யாருக்கும் பேச்சு புரியாத ஒரு விரிவுரை அரங்கைச் சரிசெய்யும் வேலை வாலஸ் சபைன் என்ற இளம் ஆசிரியரிடம் வந்தது. அவர் பக்கத்து சாண்டர்ஸ் அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவுகளில் சுமந்து வந்து பரப்பி, ஒலி அடங்கும் நேரத்தை அளந்தார். அவர் கண்ட சூத்திரம் இன்றும் செல்லும்: அறையின் கன அளவை 0.161-ஆல் பெருக்கி, மொத்த உறிஞ்சலால் வகுக்க வேண்டும்.

நம் அறையின் கன அளவு 34 கன மீட்டர். காலியாக இருந்தால் சுவர், தரை, கூரை சேர்ந்து 2 சதுர மீட்டர் அளவுக்குக்கூட உறிஞ்சாது. ஒலி அடங்க ஏறக்குறைய 3 நொடி ஆகும். இசை தெளிவாகக் கேட்க 0.4 நொடி நல்ல இலக்கு. அதற்குச் சுமார் 14 சதுர மீட்டர் உறிஞ்சல் வேண்டும். சோபா, மெத்தை, புத்தக அலமாரி, தடித்த விரிப்பு எல்லாம் இந்தக் கணக்கில் சேரும். சாய்த்து நிறுத்திய இலவம்பஞ்சு மெத்தை நல்ல உறிஞ்சி. திரைச்சீலை என்றால் கனத்த பருத்தி அல்லது வெல்வெட், ஜன்னல் அகலத்தின் இரு மடங்கு துணி மடிப்பு மடிப்பாக, சுவரிலிருந்து 10 செ.மீ. தள்ளி.

மீதத்துக்குப் பேனல் செய்யலாம். 50 மி.மீ. தடிமன், கன மீட்டருக்கு 48 கிலோ அடர்த்தியுள்ள ராக்வூல் பலகை. 2 அடிக்கு 4 அடி மரச்சட்டம். மேலே மூச்சு விடும் பருத்தித் துணி. துணியில் வாய் வைத்து ஊதினால் காற்று மறுபக்கம் வரவேண்டும். ரெக்சின் போர்த்தினால் ஒலி உள்ளே போகாது. வெட்டும்போது முகமூடியும் கையுறையும் கட்டாயம். சுவரோடு ஒட்டாமல் பின்னால் 5 செ.மீ. இடைவெளி விட்டு மாட்டினால் இன்னும் கீழான அதிர்வெண் வரை பிடிக்கும். எங்கே மாட்டுவது? நீங்கள் இருக்கையில் இருக்க, ஒருவர் பக்கச் சுவரோரமாக ஒரு கண்ணாடியை நகர்த்தட்டும். கண்ணாடியில் ட்வீட்டர் தெரியும் இடமே முதல் பிரதிபலிப்புப் புள்ளி. இரு பக்கச் சுவர்களிலும் அங்கே தலா ஒன்று, உங்கள் தலைக்குப் பின்சுவரில் இரண்டு. இந்த நான்கு பேனல் தரும் வித்தியாசம் பாடல் வரிகளிலேயே தெரியும்.

முட்டை அட்டையும் ஓர் அங்குல ஸ்பாஞ்சும் வேண்டாம். அவை மேல் அதிர்வெண்களை மட்டும் விழுங்கிவிட்டு, கீழே இருப்பதை அப்படியே விடும். அறை மந்தமாகவும் முழக்கமாகவும் ஒரே நேரத்தில் ஆகிவிடும். தீப்பிடிக்கும் அபாயமும் உண்டு.

அளந்து ஈக்வலைஸ் செய்வது

57 ஹெர்ட்ஸ் உப்பலைப் பேனலால் தீர்க்க அரை அடிக்கு மேல் தடிமன் வேண்டும். அங்கே, அதிர்வெண்வாரியாகச் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசர்தான் சிக்கனம். காசு செலவழித்து வாங்கக்கூடிய ஒரே ஒரு ஆடியோ துணைப் பொருள் எது என்று கேட்டால், ஒலியை அளக்கும் அளவு மைக் என்பதுதான் எங்கள் பதில். மினிடிஎஸ்பி யூமிக்-1 போன்ற யு.எஸ்.பி. மைக்குகள் ஒவ்வொன்றுக்கும் தனித் திருத்தக் கோப்போடு வரும். ரூம் ஈக்யூ விசார்ட் என்ற இலவச மென்பொருளில் அதை ஏற்றுங்கள். மைக்கை ஸ்டாண்டில் காது உயரத்தில், கூரையைப் பார்த்து நிறுத்தி, 90 டிகிரிக்கான கோப்பைத் தேர்ந்தெடுங்கள். சோபா முதுகில் சாய்த்து வைத்தால் அளவு கெடும். சுமார் 75 டெசிபலில் ஸ்வீப் (கீழிருந்து மேல்வரை ஏறும் சோதனை ஒலி) ஓட்டுங்கள். தலை இருக்கும் இடத்தைச் சுற்றி 30 செ.மீ.க்குள் ஆறேழு புள்ளிகளில் எடுத்துச் சராசரி பாருங்கள்.

300 ஹெர்ட்ஸுக்குக் கீழே எழும் மேடுகளை மட்டும் வெட்டுங்கள். 57-இல் 8 டெசிபல் மேடு இருந்தால் அதே அகலத்தில் 6 முதல் 8 டெசிபல் இறக்கம். பள்ளங்களை ஏற்ற முயலாதீர்கள். 10 டெசிபல் ஏற்ற ஆம்ப் பத்து மடங்கு பவர் தரவேண்டும். சுவரிலிருந்து திரும்பும் ஒலியும் பத்து மடங்காகி அதை மறுபடி ரத்துசெய்யும். விண்டோஸ் கணினியிலிருந்து பாட்டு போடுபவர்களுக்கு ஈக்வலைசர் ஏபிஓ என்ற மென்பொருள் இலவசம். ஏ.வி. ரிசீவர் வைத்திருந்தால் அதன் தானியங்கித் திருத்தத்தை, மைக்கை ஸ்டாண்டில் நிறுத்தி, ஃபேனை அணைத்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.

ஸ்பீக்கர் வயர்: ஒரு வகுத்தல் கணக்கு

வயரில் காதுக்குத் தெரியக்கூடியது அதன் மின்தடை. 1 மீட்டர் நீளம், 1 ஸ்கொயர் எம்.எம். செம்பு சுமார் 0.0172 ஓம். ஸ்பீக்கருக்கு 5 மீட்டர் வயர் என்றால் போக வர 10 மீட்டர். ஸ்பீக்கரோடு இலவசமாக வரும் முடி போன்ற 0.2 ஸ்கொயர் வயரில் அது 0.86 ஓம். 2.5 ஸ்கொயரில் 0.07 ஓம்.

இது ஏன் முக்கியம்? ‘6 ஓம்’ என்று போட்டிருக்கும் ஸ்பீக்கர் உண்மையில் ஓர் அதிர்வெண்ணில் 4 ஓமாகவும் இன்னொன்றில் 30 ஓமாகவும் இருக்கும். 0.86 ஓம் வயர் 4 ஓம் பகுதியில் 1.7 டெசிபலை விழுங்கும், 30 ஓம் பகுதியில் கால் டெசிபலை. இந்த ஒன்றரை டெசிபல் ஏற்றத்தாழ்வு கேட்கும். 2.5 ஸ்கொயரில் அதே ஏற்றத்தாழ்வு 0.13 டெசிபல், அதைக் காது பிடிக்காது. அதற்கு மேல் எந்த விலையில் வாங்கினாலும் மிச்சமிருப்பது அந்த 0.13-இல் ஒரு பங்குதான்.

ஆக விதி எளிது: வயரின் மொத்தத் தடை ஸ்பீக்கரின் மிகக் குறைந்த ஓமில் 5 சதவீதத்துக்குள் இருக்கட்டும். 5 மீட்டர் வரை ஒன்றரை ஸ்கொயர், 10 மீட்டர் வரை இரண்டரை ஸ்கொயர். எலெக்ட்ரிகல் கடையில் கிடைக்கும் பல இழைச் செம்பு ஃப்ளெக்சிபிள் வயரே போதும். சிவப்பு ஒன்று, கறுப்பு ஒன்று வாங்கி லேசாக முறுக்கிக்கொள்ளலாம். ஏமாறும் இடம் ஒன்றுண்டு: செம்பு பூசிய அலுமினிய வயர். முனையைச் சுரண்டினால் வெள்ளையாகத் தெரியும், அளவுக்கு எடை குறைவாக இருக்கும். அதன் தடை செம்பைப்போல் ஒன்றரை மடங்கு. ஆக்சிஜன் நீக்கிய செம்பு என்ற விளம்பரத்தைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. சாதாரண மின்கம்பிச் செம்போடு கடத்தலில் வித்தியாசம் ஒரு சதவீத அளவுதான்.

வேகமாகக் கடக்க வேண்டியவை

பவர் கேபிள், பவர் கண்டிஷனர்: ஆம்புக்குள் நுழைந்ததும் 230 வோல்ட் மாறுமின்சாரம் நேர்மின்சாரமாகி, கபாசிட்டர்களில் தேங்கித்தான் ஒலிப்பகுதிக்குப் போகிறது. தெருவிலிருந்து நூறு மீட்டருக்கு மேல் சாதாரண வயரில் வரும் கரண்டைக் கடைசி ஒன்றரை மீட்டர் மாற்றாது. மின்னல், வோல்டேஜ் ஏற்றத்தாழ்வுக்காகச் சர்ஜ் புரொடெக்டர் வாங்குங்கள்; அது கருவியின் ஆயுளுக்கு.

எச்.டி.எம்.ஐ., யு.எஸ்.பி., ஆப்டிகல்: கெட்டுப்போனால் ஒலி துண்டாகும், ‘டிக்’ என்று வெட்டும், நின்றே போகும். சரியாக ஓடும் கேபிள் இரண்டுக்கு நடுவே இனிமை வித்தியாசம் இருக்க வழியில்லை.

ஹை-ரெஸ் கோப்புகள்: மேயரும் மோரனும் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், உயர் தெளிவுப் பதிவை நேரடியாகவும் சி.டி. தரத்துக்கு இறக்கியும் மாற்றி மாற்றிக் கேட்கவைத்தார்கள். 554 முயற்சிகளில் சரியான விடை 276. நாணயம் சுண்டினாலும் அதுதான் வரும். நல்ல மாஸ்டரிங் (பதிவின் இறுதி மெருகு) உள்ள பதிவைத் தேடுவது பலன் தரும்; கோப்பின் தெளிவு எண்ணைப் பெரிதாக்குவது தராது.

பி.எம்.பி.ஓ. வாட் (விளம்பரத்துக்கான உச்ச எண்): அட்டையில் 5000 என்று இருந்தாலும் பொருட்படுத்த வேண்டாம், தொடர்ந்து தரக்கூடிய ஆர்.எம்.எஸ். வாட்டைப் பாருங்கள். வாட் இரட்டிப்பானால் கூடுவது 3 டெசிபல் மட்டும்.

வயர் ஓட ஓட ‘பழகும்’, ஒலி மெருகேறும் என்பதற்கு அடிப்படை இல்லை. ஆம்புக்கும் டி.ஏ.சி.க்கும் (டிஜிட்டல் கோப்பை ஒலி மின்னலையாக்கும் கருவி) அடியில் வைக்கும் கூம்பு, கல், மரத்துண்டு எதுவும் ஒலியைத் தொடாது.

எல்.பி. தட்டு மட்டும் விதிவிலக்கு. ஊசி மைக்ரோமீட்டர் அளவு அசைவைப் படிப்பதால் அதிர்வும் வயரும் அங்கே உண்மையிலேயே கணக்கில் வரும். சுவரில் பதித்த கடப்பாக் கல் தட்டு இருந்தால் டர்ன்டேபிளை அங்கே வையுங்கள். ஸ்பீக்கர் இருக்கும் மேசையில் வேண்டாம். ஸ்பிரிட் லெவலால் மட்டம் பாருங்கள். ஊசி தட்டின்மேல் அழுத்தும் எடையைச் சின்ன டிஜிட்டல் தராசில் அளங்கள், ஆடியோ-டெக்னிகா வி.எம்.95.இ கார்ட்ரிட்ஜுக்கு (ஊசியைத் தாங்கும் பகுதி) 2 கிராம். அதே கார்ட்ரிட்ஜுக்கு ஏற்ற மின்தேக்கம் (கபாசிட்டன்ஸ்) 100 முதல் 200 பிகோஃபாரட் வரைதான். ஆர்.சி.ஏ. வயரில் பல, மீட்டருக்கு 100 பிகோஃபாரட் அளவில் இருக்கும். 3 மீட்டர் வயர் மாட்டினால் ட்ரெபிள் (மேல் ஒலி) ஓரிடத்தில் தூக்கி அப்புறம் சரியும். 1 மீட்டருக்குள் வையுங்கள்.

வாங்கியதைச் சோதிப்பது எப்படி

கண்ணுக்குத் தெரிந்து கேட்டால் காது கண்ணின் பேச்சைக் கேட்கும். இது யாருடைய குறையும் இல்லை, மூளை அப்படித்தான் கேட்கிறது. அரை டெசிபல் சத்தம் கூடினால் அதுவும் ‘சத்தம்’ என்று தெரியாமல் ‘தெளிவு’ என்று தெரியும். ஆகவே இரண்டையும் நீக்க வேண்டும்.

சத்தத்தைச் சமப்படுத்த, 200 ஹெர்ட்ஸ் டோன் போட்டு ஸ்பீக்கர் முனையில் மல்டிமீட்டரை மாறுமின்சார வோல்ட்டில் வைத்து அளங்கள். 1 கிலோஹெர்ட்ஸ் வேண்டாம். விலை குறைந்த மீட்டர்கள் 400-க்கு மேல் சரியாகக் காட்டாது. ஒரு பொருளோடு 2.00 வோல்ட் என்றால் மற்றதோடு 1.98-க்கும் 2.02-க்கும் நடுவே இருக்கவேண்டும். அது 0.1 டெசிபலுக்குள் அடங்கும்.

பிறகு துணைக்கு ஒருவர் வேண்டும். அவர் நாணயம் சுண்டி, பூ விழுந்தால் பழையது, தலை விழுந்தால் புதியது என்று 16 வரிப் பட்டியல் எழுதிக்கொள்ளட்டும். நீங்கள் முதுகைக் காட்டி உட்காருங்கள். ஒவ்வொரு முறையும் அவர் ஆம்பை அணைத்து, கழற்றி, மாட்ட வேண்டும். அடுத்ததும் அதே வயராக இருந்தாலும் கழற்றித்தான் மாட்ட வேண்டும், இல்லையென்றால் எடுக்கும் நேரத்தை வைத்தே தெரிந்துவிடும். இருவரும் பேசக்கூடாது. நன்கு பழகிய பாட்டின் அதே 20 நொடியைக் கேட்டு, எது என்று எழுதுங்கள். களைப்பு வந்தால் இரண்டு நாளாகப் பிரித்துக்கொள்ளலாம். கோப்புகளை ஒப்பிட ஆள் வேண்டாம், ஃபூபார்2000 என்ற மென்பொருளில் ஏ.பி.எக்ஸ். ஒப்பீட்டுக் கருவி இந்த வேலையைச் செய்யும்.

16-க்கு 12 அல்லது அதற்கு மேல் சரியென்றால் வித்தியாசம் கேட்கிறது என்று ஏற்கலாம். வெறும் ஊகத்தில் அந்த எண்ணிக்கை வர நூற்றில் நான்குக்கும் குறைவான வாய்ப்பே உண்டு. 8, 9, 10 என்றால் கேட்கவில்லை. 11 வந்து மனம் ஒப்பவில்லையென்றால் புதிதாக 16 முறை செய்யுங்கள், பழையதைக் கூட்டிக்கொள்ளாதீர்கள். கடையில் திருப்பித் தரும் கெடு முடிவதற்குள் இதைச் செய்துவிடுங்கள். பெட்டியையும் பில்லையும் அதுவரை பத்திரமாக வைத்திருங்கள்.